அன்னக்கிளி (1976): பண்ணைப்புரத்துப் பாட்டும் மேலை இசையும்

அன்னக்கிளி 1976 மே 14 அன்று வெளிவந்த தமிழ்த் திரைப்படம். இளையராஜா இசையமைப்பாளராக அறிமுகமான முதல் படம் இதுவே. இன்றைய தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் உள்ள பண்ணைப்புரம் என்ற ஊரில் பிறந்த அவர், இப்படத்தின் பாடல்களில் தென்தமிழகக் கிராமங்களின் மெட்டுகளை மேலை இசையின் வாத்திய ஒழுங்கோடு இணைத்தார். தமிழ்த் திரையிசை வரலாற்றை 'அன்னக்கிளிக்கு முன்', 'அன்னக்கிளிக்குப் பின்' என்று இரண்டாகப் பிரித்துப் பேசும் வழக்கம் உண்டு. ஒரே படத்தில், ஒரே நாளில் நிகழ்ந்த மாற்றமாகவே அது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஆனால் அந்தப் பாடல்களுக்குப் பின்னால் இரண்டு நீண்ட பயிற்சிகள் இருந்தன. ஒன்று கிராமத்து அரசியல் மேடைகளில் கிடைத்தது. மற்றொன்று சென்னையின் இசை வகுப்புகளிலும் ஒலிப்பதிவுக் கூடங்களிலும் கிடைத்தது.

பள்ளத்தாக்கும் மலையும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், முல்லைப் பெரியாற்றின் பாசனத்தில் அமைந்தது கம்பம் பள்ளத்தாக்கு. 1895இல் கட்டி முடிக்கப்பட்ட பெரியாறு அணையின் நீர் இங்கு நெல் விளைச்சலைப் பெருக்கியது. பள்ளத்தாக்கின் மேற்கே, மலையின் மறுபக்கத்தில் ஏலக்காய், தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு ஆகிய கணவாய்கள் வழியாகத் தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக அத்தோட்டங்களுக்கு வேலைக்குச் சென்று வந்தனர். 1956இல் மொழிவாரி மாநிலங்கள் அமைக்கப்பட்டபோது தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் கேரளத்தோடு இணைந்தன. மாநில எல்லை மலைமேல் உறுதியானாலும், மக்களின் போக்குவரத்தும் பேச்சும் பாட்டும் முன்போலவே தொடர்ந்தன.

வயலும் தோட்டமும் இணைந்த இத்தகைய நிலப்பகுதியில் பாட்டு என்பது தனியான கலை நிகழ்ச்சி அன்று. அது வேலையின் ஒரு பகுதி. நடவுப் பாட்டு, ஏற்றப் பாட்டு, கும்மி, தெம்மாங்கு, தாலாட்டு, ஒப்பாரி என ஒவ்வொரு வேலைக்கும் வாழ்க்கைச் சடங்குக்கும் உரிய மெட்டு வகைகள் தென்தமிழகம் முழுவதும் வழங்கின. பெண்கள் உலக்கையால் நெல் குத்தும்போது பாடும் பாட்டு 'வள்ளைப்பாட்டு' என்று அழைக்கப்பட்டது. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையிலேயே இவ்வகை இடம்பெற்றுள்ளது. ஆயிரம் ஆண்டுகளைக் கடந்த இந்த மரபைப் பாடியவர்களின் பெயர்கள் எங்கும் எழுதப்படவில்லை.

உத்தமபாளையம் வட்டத்தில் உள்ள பண்ணைப்புரத்தில் 1943இல் ராமசாமி, சின்னத்தாயம்மாள் இணையருக்குப் பிறந்தவர் இளையராஜா. பெற்றோர் இட்ட பெயர் ஞானதேசிகன். பள்ளியில் ராஜய்யா என்று அழைக்கப்பட்டார். அப்போது இவ்வூர் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தேனி தனி மாவட்டமாக 1996இல்தான் பிரிக்கப்பட்டது. தாயார் பாடிய பாடல்களே தன் முதல் இசை என்று இளையராஜா பலமுறை குறிப்பிட்டுள்ளார்.

பாவலரின் மேடை

இளையராஜாவின் மூத்த அண்ணன் பாவலர் வரதராஜன். பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த அவர் பாடலாசிரியராகவும் பாடகராகவும் விளங்கினார். கட்சி மேடைகளில் தலைவர்கள் பேசுவதற்கு முன் கூட்டத்தைச் சேர்ப்பதும், பேச்சு முடியும்வரை அதைக் கலையாமல் காப்பதும் அவருடைய பாட்டின் வேலை. மக்கள் ஏற்கெனவே அறிந்திருந்த நாட்டுப்புற மெட்டுகளிலும் திரைப்பட மெட்டுகளிலும் அன்றாடப் பிரச்சினைகளைப் பற்றிய புதிய சொற்களை அமைத்துப் பாடினார். விலைவாசியும் கூலியும் நிலவுரிமையும் அவருடைய பாடுபொருள்கள்.

தன் பதினான்காம் வயதை ஒட்டி இளையராஜா அண்ணனின் குழுவில் சேர்ந்தார். பாஸ்கர், பின்னாளில் கங்கை அமரன் என்று அறியப்பட்ட அமர்சிங் ஆகிய சகோதரர்களும் அதில் இணைந்தனர். 'பாவலர் பிரதர்ஸ்' என்று அறியப்பட்ட இக்குழு தென்மாவட்டங்களின் ஊர்களிலும் மலைத் தோட்டங்களிலும் நிகழ்ச்சிகள் நடத்தியது. 1958இல் கேரளத்தின் தேவிகுளம் சட்டமன்றத் தொகுதியில் நடந்த இடைத்தேர்தல் பாவலரின் வாழ்க்கையில் முக்கியமானது. தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் பெருமளவில் வாக்காளர்களாக இருந்த அத்தொகுதியில் பொதுவுடைமைக் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்றார். அத்தேர்தல் பரப்புரையில் பாவலரின் தமிழ்ப் பாடல்கள் ஒலித்தன.

இளையராஜாவின் இசைக் கல்வியில் இந்த ஆண்டுகளின் பங்கு பெரும்பாலும் ஒரு முன்கதையாக மட்டுமே சொல்லப்படுகிறது. உண்மையில் அது ஒரு முழுப் பள்ளிக்கூடம். திறந்தவெளி மேடைக்கு எதிரே நிற்பவர்கள் கட்டணம் செலுத்தி வந்தவர்கள் அல்லர். பாட்டு பிடிக்காவிட்டால் நடையைக் கட்டிவிடுவார்கள். எந்த மெட்டைத் தொடங்கினால் போகிறவர் நிற்பார், எங்கே தாளம் மாறினால் கூட்டம் கைதட்டும், எந்தச் சொல்லை எந்தச் சுரத்தில் நிறுத்தினால் கடைசி வரிசைக்கும் புரியும் என்பதை அங்கே ஒவ்வொரு நாளும் கண்ணெதிரில் கற்க முடிந்தது. ஆர்மோனியம் வாசிப்பதையும், ஒரே மெட்டுக்கு வெவ்வேறு சொற்களைப் பொருத்துவதையும் இளையராஜா அந்த மேடைகளில்தான் பழகினார்.

அக்காலத்தில் இடதுசாரி இயக்கம் நாட்டுப்புற வழக்காறுகளின்மேல் கொண்டிருந்த அக்கறையும் இங்கு நினைவுகூரத்தக்கது. பேராசிரியர் நா. வானமாமலை தென்மாவட்டங்களின் நாட்டுப் பாடல்களைத் தொகுத்து, 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' என்ற தொகுதியை 1964இல் வெளியிட்டார். படிப்பாளிகள் ஏட்டில் பதிவுசெய்து கொண்டிருந்த அதே மரபைப் பாவலர் குழு மேடையில் பயன்படுத்திக்கொண்டிருந்தது.

சென்னையில் இரண்டாவது பள்ளி

1960களின் இறுதியில் சகோதரர்கள் சென்னைக்கு வந்தனர். வழிச்செலவுக்காகத் தாயார் வீட்டிலிருந்த வானொலிப் பெட்டியை 400 ரூபாய்க்கு விற்றுத் தந்ததாக இளையராஜா மேடைகளில் கூறியுள்ளார். மூவரும் நாடகங்களுக்கும் மேடை நிகழ்ச்சிகளுக்கும் இசையமைத்தனர். பின்னாளில் இயக்குநராகப் புகழ்பெற்ற பாரதிராஜாவும் அப்போது வாய்ப்புத் தேடிக்கொண்டிருந்தார். தேனி அல்லிநகரத்தைச் சேர்ந்த அவர் சுகாதார ஆய்வாளராகப் பணியாற்றியவர். ஊரிலிருந்தே இச்சகோதரர்களின் நண்பர்.

சென்னையில் இளையராஜாவுக்கு ஆசிரியராக அமைந்தவர் தன்ராஜ் மாஸ்டர். மயிலாப்பூரில் ஓர் அறையில் தங்கியிருந்து, பியானோவும் கிதாரும் மேலை இசைக் கோட்பாடும் கற்பித்தவர் அவர். ராஜய்யா என்ற பெயரை 'ராஜா' என்று சுருக்கியவரும் அவரே. ஐந்து கோடுகளின்மேல் இசையை எழுதும் மேலைக் குறியீட்டு முறையை இளையராஜா அவரிடம் கற்றார். பல குரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஒத்திசைவையும், ஒரே நேரத்தில் வெவ்வேறு மெட்டுகளை இழையவிடும் எதிர்மெட்டு முறையையும் பயின்றார். பாக், மோட்சார்ட், பேத்தோவன் ஆகியோரின் படைப்புகள் அவருக்கு அங்கு அறிமுகமாயின. இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரி நடத்திய செவ்வியல் கிதார் தேர்விலும் தேறினார்.

வகுப்பில் கற்றதைச் சோதித்துப் பார்க்கும் இடமாக ஒலிப்பதிவுக் கூடங்கள் அமைந்தன. கிதாரும் ஆர்கனும் வாசிக்கும் கலைஞராக இளையராஜா பல இசையமைப்பாளர்களிடம் பணியாற்றினார். வங்காளத்தைச் சேர்ந்த சலில் சௌத்ரி அவர்களுள் ஒருவர். அசாமின் தேயிலைத் தோட்டச் சூழலில் வளர்ந்து, பொதுவுடைமைக் கலை இயக்கத்தில் உருவாகி, நாட்டுப்புற மெட்டையும் மேலை வாத்தியத் தொகுதியையும் இணைத்துக்கொண்டிருந்தவர் சலில் சௌத்ரி. அவ்வகையில் பண்ணைப்புரத்து இளைஞருக்கு அவர் மிக நெருங்கிய முன்னோடி எனலாம். பின்னர் கன்னடத் திரையுலகின் முன்னணி இசையமைப்பாளர் ஜி. கே. வெங்கடேஷிடம் உதவியாளராகச் சேர்ந்து ஏராளமான படங்களில் இளையராஜா வேலை செய்தார்.

1970களின் திரையிசைச் சூழல்

'அன்னக்கிளி'க்கு முன் தமிழ்த் திரையில் நாட்டுப்புற இசையே இல்லை என்பது பிழையான கருத்து. 'மக்களைப் பெற்ற மகராசி' (1957) படத்தில் மருதகாசி எழுதி, கே. வி. மகாதேவன் இசையமைத்த உழவர் பாடல் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் சொற்கள் உழைப்பாளர் வழக்கிலிருந்து வந்தவை. எம். எஸ். விஸ்வநாதன் இசையமைத்த 'பட்டிக்காடா பட்டணமா' (1972) கிராமத்துத் தாளத்தை நகரத் திரையரங்குகளுக்குக் கொண்டுவந்தது. ஆனால் இப்படங்களில் நாட்டுப்புறப் பாடல் பெரும்பாலும் ஒரு காட்சிக்கான தேவையாக இருந்தது. கதையில் திருவிழாவோ, வயலோ, நகைச்சுவையோ வந்தால் அதற்கேற்ப ஒரு பாடல் இடம்பெறும். படத்தின் காதலும் துயரமும் கருநாடக இராகங்களிலோ மெல்லிசையிலோ அமைந்திருக்கும்.

இதே காலத்தில் தமிழகத்தில் இந்தித் திரைப்பாடல்களின் செல்வாக்கு மிகுந்திருந்தது. 'ஆராதனா' (1969), 'பாபி' (1973), 'ஷோலே' (1975) ஆகிய படங்களின் பாடல்களை மொழி தெரியாத இளைஞர்களும் முணுமுணுத்தனர். ராகுல் தேவ் பர்மன் போன்றோர் அமைத்த கிதார், தாள வாத்தியங்களின் துடிப்பு புதுமையாக ஒலித்தது. இளைய தலைமுறைக்குப் புதிய ஒலி வேண்டியிருந்தது. அது இந்தியிலிருந்துதான் வரும் என்ற எண்ணமும் இருந்தது. இந்தச் சூழலில், மறுபக்கத்திலிருந்து, அதாவது ஊரிலிருந்து, அந்தப் புதிய ஒலி வந்தது என்பதே 'அன்னக்கிளி'யின் வரலாற்று முக்கியத்துவம்.

பஞ்சு அருணாசலமும் புதிய பெயரும்

கண்ணதாசனின் உறவினரும் அவருடைய உதவியாளராக இருந்தவருமான பஞ்சு அருணாசலம், பாடலாசிரியராகவும் கதை-வசன ஆசிரியராகவும் அறியப்பட்டவர். கதாசிரியர் ஆர். செல்வராஜ் தன் நண்பர் ராஜாவை அவரிடம் அழைத்துச் சென்றார். கைவசம் வாத்தியம் இல்லாத அச்சந்திப்பில் ராஜா மேசையில் தாளம் தட்டிப் பாடிக் காட்டினார். அந்த மெட்டுகளின் வேறுபாட்டைப் பஞ்சு அருணாசலம் உடனே உணர்ந்துகொண்டார்.

செல்வராஜின் கதைக்குப் பஞ்சு அருணாசலம் திரைக்கதை, வசனம் எழுதினார், தேவராஜ்-மோகன் இயக்கினர். சிவகுமார், சுஜாதா, 'படாபட்' ஜெயலட்சுமி, தேங்காய் சீனிவாசன் ஆகியோர் நடித்தனர். அன்னம் என்ற கிராமத்துப் பெண், ஊருக்கு வரும் ஆசிரியர்மேல் கொள்ளும் நிறைவேறாத அன்பே கதை. கறுப்பு-வெள்ளையில் எடுக்கப்பட்ட இப்படத்தின் பெரும்பகுதி நீலகிரி மாவட்டத்தின் தெங்குமரகடா என்ற உட்கிராமத்தில் படமாக்கப்பட்டது. எனவே திரையில் தெரியும் ஊர் கம்பம் பள்ளத்தாக்கு அன்று. காதில் விழும் ஊர்தான் அது.

இசையமைப்பாளரின் பெயரை எப்படி வெளியிடுவது என்ற கேள்வி எழுந்தது. 'ராஜா' என்ற பெயரில் பாடகரும் இசையமைப்பாளருமான ஏ. எம். ராஜா ஏற்கெனவே புகழ்பெற்றிருந்தார். ஆகவே பஞ்சு அருணாசலம் 'இளைய' என்ற அடைமொழியைச் சேர்த்தார். இவ்வாறு 'இளையராஜா' என்ற பெயர் உருவாயிற்று. இருபது ஆண்டுகளாகச் சகோதரர்களை அடையாளப்படுத்திய பாவலரின் பெயர் படத்தின் எழுத்து வரிசையில் இடம்பெறவில்லை. படம் வெளிவந்தபோது பாவலரும் உயிருடன் இல்லை. பிற்காலத்தில் சகோதரர்கள் தொடங்கிய படத் தயாரிப்பு நிறுவனத்துக்குப் 'பாவலர் கிரியேஷன்ஸ்' என்று பெயரிட்டனர்.

ஏவி.எம். ஒலிப்பதிவுக் கூடத்தில் முதல் பாடலைப் பதிவுசெய்யத் தொடங்கியபோது மின்சாரம் நின்றுபோன நிகழ்ச்சி இளையராஜாவும் கங்கை அமரனும் அடிக்கடி நினைவுகூர்வது. முதல் படத்தில் முதல் நாளே இது என்ன சகுனம் என்ற பேச்சு கூடத்தில் எழுந்தது. அக்காலப் பதிவுமுறையில் பாடகரும் வாத்தியக் கலைஞர் அனைவரும் ஒரே நேரத்தில் இசைக்க வேண்டும். ஒருவர் தவறினாலும் தொடக்கத்திலிருந்து மீண்டும் இசைக்க வேண்டியிருக்கும். எனவே ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டியதை முன்கூட்டியே தெளிவாக எழுதித் தருவது பெரிய உதவியாக இருந்தது. தன்ராஜ் மாஸ்டரிடம் கற்ற குறியீட்டு முறை இங்கு இளையராஜாவுக்குக் கைகொடுத்தது.

பாடல்கள்

படத்தின் எல்லாப் பாடல்களையும் எழுதியவர் பஞ்சு அருணாசலம். இசைத்தட்டில் ஐந்து பாடல்கள் இடம்பெற்றன. படத்தின் பெயரைத் தாங்கிய பாடல் இரண்டு வடிவங்களில் வந்தது. எஸ். ஜானகி பாடிய வடிவம் ஏக்கத்தையும், டி. எம். சௌந்தரராஜன் பாடிய வடிவம் துயரத்தையும் வெளிப்படுத்தின. 'மச்சானைப் பாத்தீங்களா', 'சுத்தச் சம்பா' ஆகிய இரண்டையும் ஜானகி பாடினார். 'சொந்தமில்லை பந்தமில்லை' பாடலை பி. சுசீலா பாடினார்.

தலைப்புப் பாடல் வாத்தியங்களின் ஆரவாரத்தோடு தொடங்குவதில்லை. ஜானகியின் சொல்லற்ற குரல் வெட்டவெளியில் ஒலிப்பதுபோல் முதலில் எழுகிறது. மலையடிவார ஊர்களில் தொலைவிலிருப்பவரை அழைக்கும் குரலின் நீட்சியை அது நினைவூட்டும். 'மச்சானைப் பாத்தீங்களா' பெண்களின் குழுக்குரலோடு தொடங்கிக் கும்மியின் துள்ளலில் செல்கிறது. காணாமற்போன காதலனைப் பற்றித் தோப்பிடமும் குயிலிடமும் விசாரிக்கும் பாட்டு அது. 'சுத்தச் சம்பா' திருமணத்துக்கு நெல் குத்தும் காட்சியில் வருகிறது. பழைய வள்ளைப்பாட்டின் இடத்தையும் பொருளையும் திரைக்குக் கொண்டுவந்த பாடல் இது. 'சொந்தமில்லை பந்தமில்லை' ஆதரவற்ற மனத்தின் புலம்பலாக அமைந்து, படத்தின் துயரத்தைச் சுமக்கிறது.

இப்பாடல்களில் தெற்கத்திக் குரலாக மக்கள் ஏற்றுக்கொண்ட எஸ். ஜானகி ஆந்திரத்தின் குண்டூர் மாவட்டத்தில் பிறந்தவர். 1957 முதல் தமிழில் பாடிவந்த அவருக்குக் 'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் நாகசுரத்தோடு இணைந்து பாடிய பாடல் பெரும்புகழைத் தந்திருந்தது. ஆயினும் தமிழில் அவர் முதன்மைப் பாடகியாக நிலைபெற்றது 'அன்னக்கிளி'க்குப் பிறகே.

கலப்பு எவ்வாறு நிகழ்ந்தது

நாட்டுப்புற மெட்டோடு மேலை வாத்தியத்தைச் சேர்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. நாட்டுப்புறப் பாட்டு பொதுவாக ஒற்றை மெட்டில் நடப்பது. குரலும் தாளமும் போதும். அதன்மேல் வயலின்களையும் கிதாரையும் வெறுமனே ஏற்றினால் மெட்டு அமுங்கிப்போகும், அல்லது வாத்தியங்கள் ஒப்பனையாக ஒட்டாமல் நிற்கும். இளையராஜாவின் முறை வேறாக இருந்தது. பாடகரின் மெட்டை அவர் பெரும்பாலும் எளிமையாகவே விட்டார். மேலை இசையின் வேலையை மெட்டின் கீழும் இடைவெளிகளிலும் வைத்தார். கீழ்த்தளத்தில் கிதார் தனி ஓட்டமாக நடக்கும். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே புல்லாங்குழலோ வயலின்களோ மறுமொழி சொல்லும். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் இடையிசை, பாடலின் ஓய்விடமாக இல்லாமல் இன்னொரு சிறிய இசைப்படைப்பாக மாறும்.

இம்முறையில் பாட்டைக் கேட்கும் உழவருக்கு மெட்டு அந்நியமாவதில்லை. நகரத்து இளைஞருக்கு ஒலி பழமையாவதும் இல்லை. ஒரே பாட்டை இருவரும் தமக்குரியதாகக் கொள்ள முடிந்தது. அக்காலத் திரையிசையில் மெட்டை இசையமைப்பாளர் அமைக்க, வாத்திய ஏற்பாட்டை உதவியாளர்கள் கவனிப்பது பரவலான வழக்கம். மெட்டையும் ஒவ்வொரு வாத்தியத்தின் பகுதியையும் ஒருவரே எழுதியதால் இங்கு இரண்டும் ஒரே சிந்தனையிலிருந்து பிறந்தன.

பிரேசிலின் சாம்பாவோடு ஓர் ஒப்பீடு

வட்டார இசையையும் நவீன இசையையும் முதல் படைப்பிலேயே இணைத்துப் புதிய வழி திறந்தவர்கள் பிற நாடுகளிலும் உண்டு. பிரேசிலில் 1888இல் அடிமைமுறை ஒழிந்த பின், ரியோ டி ஜெனிரோவின் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களின் குடியிருப்புகளில் சாம்பா என்ற இசை வளர்ந்தது. தொடக்கத்தில் இழிவாகக் கருதப்பட்ட அது பின்னர் நாட்டின் அடையாளமாகவே மாறியது. பாயியா மாநிலத்தின் ஜுவாசெய்ரோ என்ற சிற்றூரிலிருந்து வந்த ஜோவோ ஜில்பெர்த்தோ 1959இல் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பு, சாம்பாவின் தாளத்தைக் கிதாரின் மெல்லிய நவீன ஒத்திசைவோடு சேர்த்தது. போசா நோவா என்ற இயக்கம் அதிலிருந்து பரவியது. ரியோவைச் சேர்ந்த ஜோர்ஜ் பென் 1963இல் வெளியிட்ட முதல் தொகுப்பின் பெயரே 'சாம்பா: புதிய திட்டம்' என்று பொருள்படும். தானே எழுதித் தானே பாடிய அவர், சாம்பாவைத் தன் கிதாரின் துடிப்பால் புதிதாக்கினார்.

இரு நாடுகளிலும் உழைக்கும் மக்களின் இசை, அம்மக்களின் நடுவிலிருந்தோ ஊர்ப்புறத்திலிருந்தோ வந்த இளைஞர்களின் கையில் கிதாரின் துணையோடு நாட்டின் பொது இசையாயிற்று. வேறுபாடும் கவனிக்கத்தக்கது. பிரேசிலில் பாடகரின் இசைத்தட்டு தனித்து நிற்கும் படைப்பு. தமிழகத்தில் இசைக்குப் பரந்த வாசலாக இருந்தது திரைப்படமே. அதனால் இளையராஜாவின் முதல் படைப்பு அவருடையது மட்டுமன்று; பஞ்சு அருணாசலத்தின் சொல்லும் ஜானகியின் குரலும் செல்வராஜின் கதையும் அதில் பங்குடையவை.

ஏற்பும் விளைவும்

'அன்னக்கிளி' பெரும் வெற்றி பெற்றது. பெரிய நட்சத்திரங்களோ வண்ணமோ இல்லாத இப்படத்தின் வெற்றியில் பாடல்களுக்கு முதன்மையான பங்கு இருந்தது. தேநீர்க் கடைகளிலும் திருமண வீடுகளின் ஒலிபெருக்கிகளிலும் வானொலியிலும் அவை இடைவிடாது ஒலித்தன. எழுத்துலகில் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' நாவல் வெளிவந்ததும் இதே 1976ஆம் ஆண்டில்தான். கரிசல் மக்களின் பேச்சு மொழி இலக்கிய மொழியாக நிலைபெற்ற காலமும், ஊர் மெட்டு திரையிசையின் நடுமொழியாக மாறிய காலமும் ஒன்றாக அமைந்தன.

அடுத்த ஆண்டு பாரதிராஜாவின் முதல் படமான '16 வயதினிலே' (1977) வெளிவந்தது. தேனிப் பகுதியின் இயக்குநரும் இசையமைப்பாளரும் இணைந்த அப்படம், கிராமத்தை அரங்க அமைப்புகளிலிருந்து வெளியே கொண்டுவந்தது. அதில் கங்கை அமரன் எழுதிய 'செந்தூரப் பூவே' பாடலுக்காக எஸ். ஜானகி தேசிய விருது பெற்றார். 'நிழல்கள்' (1980) படத்தில் வடுகபட்டியில் வளர்ந்த கவிஞர் வைரமுத்து பாடலாசிரியராக அறிமுகமானார். ஒரே பள்ளத்தாக்கையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவர்களின் சொல்லும் மெட்டும் காட்சியும் சில ஆண்டுகளுக்குள் தமிழ்த் திரையுலகின் மையத்துக்கு வந்தன.

இளையராஜாவின் பிற்காலப் பயணத்திலும் இரண்டு பள்ளிகளின் தொடர்ச்சியைக் காணலாம். 'ஹவ் டு நேம் இட்' (1986), 'நத்திங் பட் விண்ட்' (1988) ஆகிய தனி இசைத்தொகுப்புகள் தன்ராஜ் மாஸ்டரின் வகுப்பிலிருந்து நீண்டவை. 2025 மார்ச் 8 அன்று இலண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழு நிகழ்த்திய அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனியும் அவ்வழியில் வந்ததே. மறுபுறம், அவருடைய ஆயிரமாவது படம் என்று அறிவிக்கப்பட்ட 'தாரை தப்பட்டை' (2016) கரகாட்டக் கலைஞர்களைப் பற்றியது. அதன் பின்னணி இசைக்குத் தேசிய விருது கிடைத்தது.

யாருடைய பாட்டு?

'அன்னக்கிளி' எழுப்பிய கேள்வி ஒன்று இன்றும் முடிவடையவில்லை. ஊரின் பாட்டு திரைக்கு வந்தபோது ஊர்ப் பாடகர் என்ன ஆனார்? ஒருபக்கம், அதுவரை தாழ்வாக மதிக்கப்பட்ட மெட்டுகள் கௌரவம் பெற்றன. தன் ஊரின் பாட்டு வானொலியில் ஒலிப்பதைக் கேட்ட தலைமுறை, அதைப் பற்றி வெட்கப்படத் தேவையில்லை என்று உணர்ந்தது. மறுபக்கம், நடவு வயலிலும் கல்யாண வீட்டிலும் பாடிய பெண்களின் இடத்தை ஒலிபெருக்கி பிடித்துக்கொண்டது. நெல் குத்தும் எந்திரங்கள் உலக்கையை ஓய்வெடுக்க வைத்தபோது அதற்குரிய பாட்டும் வழக்கொழிந்தது. இதற்குத் திரைப்படத்தைக் காரணம் சொல்ல முடியாது. ஆனால் மறைந்துகொண்டிருந்த ஒன்றின் சாயலைத் திரைப்பாடல் தன்னிடம் வைத்துக்கொண்டது.

திரைக்கு வெளியிலிருந்த பாடகர் சிலருக்குப் பிற்பாடு வாசல் திறந்தது. சிவகங்கைப் பகுதியின் நாட்டுப்புறப் பாடகி கொல்லங்குடி கருப்பாயி, இளையராஜா இசையமைத்த 'ஆண்பாவம்' (1985) படத்தில் தன் சொந்தக் குரலிலேயே பாடி நடித்தார். அத்தகைய வாய்ப்பு பெற்றவர்கள் மிகச் சிலரே. பாவலர் வரதராஜனின் மேடைப் பாடல்களிலும் பெரும்பாலானவை பாடப்பட்ட இடங்களிலேயே கரைந்துபோயின. அவற்றைக் கேட்டுக் கலைந்து சென்ற கூட்டத்தினரின் நினைவில் மட்டுமே அவை இருந்தன.

இந்த நிலையில் 'அன்னக்கிளி'யின் ஐந்து பாடல்களுக்கு ஆவண மதிப்பும் உண்டு. பெயர் எழுதப்படாத பாடகர்களிடமிருந்து தாய் கேட்டு, தாயிடமிருந்து மகன் கேட்டு, அண்ணனின் மேடையில் பழகி, ஆசிரியரின் வகுப்பில் எழுதக் கற்ற ஓசை அவற்றில் பதிவாகியுள்ளது. 1976இல் கேட்டவர்களுக்கு அது புத்தம்புதிதாகத் தோன்றியதற்கும், அதே வேளையில் எப்போதோ கேட்டதுபோல் இருந்ததற்கும் காரணம் இதுவே.